மெய்க்கீர்த்தியும் ஆட்டுக்கணக்கும்

சோழர் காலத்துக் கோயிற் சுவரொன்றில் பொறித்த சாசனத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருகிறவர், அரசனுடைய திக்விஜயங்களையும், அவனுக்கு வசப்பட்ட நாடுகளையும், அவனோடு வீற்றிருந்த தேவியரையும் சந்தமும் கம்பீரமும் கூடிய நடையிலே கேட்டுக்கொண்டே போய், சில வரிகளுக்குப் பிறகு, பாடிக்கொண்டிருந்தவர் சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டுக் கணக்கேட்டைப் பிரித்தாற்போல, இன்ன நாட்டு இன்ன ஊரில் வாழும் இன்னான் இந்தத் தேவர்க்கு நந்தாவிளக்கு ஒன்று எரிக்க வைத்த ஆடு 96 என்னும் இடத்துக்கு வந்து சேருகிறார். முற்பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர் உண்டு. பிற்பகுதிக்கு அப்படிப்பட்ட அழகான பெயர் எதுவும் இல்லை. ஆயினும், கல்லை வெட்டியதே பிற்பகுதிக்காகத்தான்.

கலைக்களஞ்சியத்துக்கு வந்து சேரும் ஜீவிய சரித்திரக் கட்டுரையைப் பரிசோதித்துச் செப்பனிடும் பதிப்பாசிரியனுடைய தொழிலை விளக்கச் சொன்னால், இந்தச் சாசனத்தைக் காட்டிவிட்டு, மெய்க்கீர்த்தி எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே அவன் வேலை என்று நான் சொல்வேன். கவிஞர், ரிஷி, சக்கரவர்த்தி ஆகியோர் விஷயத்தில் இது ஓரளவு சுலபம். நகரசபையிலும் ஜில்லா போர்டிலும் வாழ்நாளைக் கழித்த ஊர் அரசியல்வாதியின் விஷயத்தில்தான் இது மிகக் கடினம். ஏன் அவ்வாறு என்பதையும், அந்தக் கஷ்டத்தை நம் முன்னோர் எந்த வழியாக வந்து சந்தித்தார்கள் என்பதையும் சிறிது நிதானமாகப் பார்க்கலாம்.

தமிழில் சரித்திரக் குறிப்புகளைத் தொகுக்கும் முயற்சி புலவர்களிடமிருந்து தொடங்கியது. ஈழத்துச் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்து 1859-ல் ‘தமிழ் புளூட்டார்க்’ என்ற பெயருடன் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886-ல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற நூலைத் தமிழிலேயே தந்தார். அவ்வூரிலிருந்தே 1902-ல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோச’மும், சென்னையில் பள்ளியாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியொருவராக உழைத்துத் தொகுத்து, அச்சிடுவாரின்றி வைத்திருந்து, பாண்டித்துரைத் தேவருடைய ஆதரவு கிடைத்த பிறகு மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக 1910-ல் வெளியிட்ட ‘அபிதான சிந்தாமணி’யும் வந்தன. முதலியார் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. தம் நூலைத் தாமே திருத்தியும் பெருக்கியும் வந்தார். அவர் காலமான பிறகு 1934-ல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு 1634 பக்கங்களாக விரிந்திருந்தது. அகராதி தொகுப்பவனுக்கு ஓய்வு என்பது மரணத்தோடுதான் வரும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

இத்தொகுப்புகளில் இடம் பெற்றோர் பெரும்பாலும் புராண புருஷர்கள், அரசர்கள், அடியார்கள், புலவர்கள். இவர்களைப் பற்றி எழுதும்போது ‘இவன் இன்ன அரசன் குமரன்’ என்று கூசாமல் எழுதிவிடலாம்; தசரதனுடைய பேரப்பிள்ளைகள் எவரும் பதிப்பாசிரியர் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. ஆனால், இருபதாம் நூற்றாண்டு மனிதர்களைச் சேர்க்கவேண்டி வந்தபோது தமிழ் இலக்கணமே பதிப்பாசிரியனைச் சங்கடத்துக்கு உள்ளாக்கியது. வேறு பல பாஷைகளில் ஒரு வினைமுற்று எவருக்கும் பொருந்தும். தமிழிலோ ‘பிறந்தான்’ என்பதும் ‘பிறந்தார்’ என்பதும் இரண்டு தீர்ப்புகள். நேற்றைய நகரசபைத் தலைவர் ‘பிறந்தார்’ என்றும், முந்நூறு ஆண்டுக்கு முந்திய நாயக்க மன்னன் ‘பிறந்தான்’ என்றும் ஒரே பக்கத்தில் அச்சானால், மரியாதை என்பது கீர்த்தியைப் பொறுத்ததன்று, காலத்தால் கிட்ட இருப்பதைப் பொறுத்தது என்றல்லவா வாசகன் எண்ணுவான்?

தனியொருவர் உழைப்பிலிருந்து ஸ்தாபன உழைப்புக்குத் தமிழ் மாறியது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில். தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1946-ல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது, பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தார். முதல் தொகுதி 1954-லும் பத்தாம் தொகுதி 1968-லும் வெளிவந்தன. கவிஞராகவும் கீர்த்தனைகள் இயற்றியவராகவும் பெயர் பெற்ற ஒருவர், தம் வாழ்வின் சிறந்த பகுதியைப் பிறர் எழுதிய கட்டுரைகளைச் செப்பனிடுவதில் செலவிட்டார் என்பதை நினைக்கும்போது, அந்த வேலைக்குப் பாண்டித்தியம் மட்டும் போதாது, தன் குரலை அடக்கிக்கொள்ளும் விரதமும் வேண்டும் என்பது புலனாகிறது.

இங்கிலாந்திலும் இதே விரதம் அனுஷ்டிக்கப்பட்டது. 1882-ல் ஜார்ஜ் ஸ்மித் என்னும் புத்தக வெளியீட்டாளர் தம் தேசத்தாருடைய ஜீவிய சரித்திர அகராதி ஒன்றை வெளியிடத் தீர்மானித்து, லெஸ்லி ஸ்டீபனை அதற்கு ஆசிரியராக்கினார். அவ்வாண்டிலேதான் ஸ்டீபனுக்கு, பின்னாளில் வர்ஜினியா வுல்ப் என்று பிரசித்தி பெற்ற மகள் பிறந்தாள். முதல் தொகுதி 1885-ல் வந்தது. வேலையின் பளுவால் உடல் நலம் குன்றிய ஸ்டீபன் 1891-ல் விலக, சிட்னி லீ பொறுப்பேற்று, 1900-க்குள் 63 தொகுதிகளாக அகராதியை நிறைவேற்றினார். அதற்கு எழுதியவர்கள் கூடிய விருந்தொன்றில் பாதிரியார் ஒருவர், சவ ஊர்வலத்துக்கு மாலை அனுப்பவேண்டாம் என்று குடும்பத்தார் பத்திரிகையில் விளம்பரம் செய்யும் வழக்கத்தைச் சுட்டி, மலர்மாலை வேண்டாம் என்பதே நம் அகராதியின் கொள்கை என்று வேடிக்கையாகச் சொன்னார்; அந்த வேடிக்கையே கொள்கையாக நிலைத்துவிட்டது. அத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் 1904-ல் பிழைதிருத்தத்துக்கென்றே தனியாக ஒரு தொகுதி வெளியிட நேர்ந்தது.

மாலை வேண்டாம் என்று சொல்வது எளிது. நம் ஊரில் மாலையைத் தவிர வேறொன்றும் கையில் வருவதில்லை என்பதுதான் சங்கடம். ஊர்த்தலைவர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுகிறவருக்கு முதலில் கிடைப்பவை, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய வரவேற்புப் பத்திரம், மணிவிழா மலர், நூற்றாண்டு மலர், சலவைக்கல்லில் பொறித்த திறப்பு விழா வாசகம், பேரனுடைய ஞாபகம், எதிர்க்கட்சிக்காரருடைய ஞாபகம் ஆகியவையே. நகரசபையின் நடவடிக்கைக் குறிப்பும், வரவுசெலவுத் திட்டமும், அரசாங்க கெஜட்டும் தேடிப் போனால்தான் கிடைக்கும்; கிடைத்தாலும் படிக்கச் சுவையாக இரா. ஆகவே கட்டுரையாளர் முன்னதிலிருந்து எழுதிவிடுகிறார். பின்னதைக் கொண்டு சரிபார்க்கும் கடமை பதிப்பாசிரியன் தலையில் விழுகிறது.

திருஷ்டாந்தமாகச் சென்னை நகரத்து சர் பிட்டி தியாகராய செட்டியாரை எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றி அன்பும் பக்தியும் மிக்க ஒருவர் எழுதிய கட்டுரைக் கைப்பிரதி நம் மேஜை மேல் இருப்பதாகவும், சிவப்பு மசிப் பேனாவோடு நாம் உட்கார்ந்திருப்பதாகவும் கற்பனை செய்வோம்.

தலைப்பிலேயே பேனா நின்றுவிடுகிறது. பிட்டி என்பது தந்தை பெயரன்று. தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பங்களில் வழங்கும் இல்லப்பெயர். வாசகன் அவரை ‘பி’ என்ற எழுத்தில் தேடுவானா, ‘தி’யில் தேடுவானா? ‘தி’யில்தான் தேடுவான் என்று முடிவு செய்து, ‘பி’யில் ‘காண்க’ என்று ஒரு வரியைப் போட்டு வைக்கவேண்டும். கட்டுரையாளர் இரண்டு இடத்தில் ‘தியாகராய’ என்றும் மூன்று இடத்தில் ‘தியாகராஜ’ என்றும் எழுதியிருக்கிறார். இது வெறும் எழுத்துப் பிழையாகப் போய்விடாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிக் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக விளங்கிய வித்துவான் தியாகராஜ செட்டியார் அதே தொகுதியில் சில பத்திகள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஓர் எழுத்து பிசகினால் புலவர் நகரசபைக்கும் நகரசபைத் தலைவர் காலேஜுக்கும் போய்விடுவார்கள்.

அடுத்தது காலம். பிறந்த ஆண்டு 1852 என்பது கைப்பிரதி. தமிழ் வருஷக் கணக்கில் அது பரிதாபி. ஆனால் பரிதாபி சித்திரையில் தொடங்கி மறு பங்குனியில் முடிவதாகையால், அவ்வருஷத்துத் தை, மாசி, பங்குனியில் பிறந்த எவரும் ஆங்கிலக் கணக்குப்படி 1853-ல் பிறந்தவரே. இதை மறந்து வருஷப் பெயரை மட்டும் பார்த்து மாற்றி எழுதியதால் ஓராண்டு முன்னதாகப் பிறந்துவிட்ட பெரியவர்கள் நம் நூல்களில் அநேகர். ரெவினியூ தஸ்தாவேஜிகளில் வரும் பசலியும் அப்படித்தான்: பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து இந்த ஆண்டை எடுத்தீர்கள் என்று கட்டுரையாளரைக் கேட்டு ஓரத்தில் ஒரு குறி இடுவது பதிப்பாசிரியனின் முதற் பாடம்.

மூன்றாவதாக, ‘சென்னையின் மேயராகத் திகழ்ந்தார்’ என்ற வாக்கியம். இங்கேதான் சரித்திர ஞானம் இல்லாத செப்பனிடுதல் எவ்வளவு வீண் என்பது தெரிகிறது. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு குற்றமும் இல்லை. சென்னை நகரசபை 1688-ல் கும்பினியார் காலத்தில் தோன்றியபோது நதேனியல் ஹிக்கின்ஸன் மேயராக இருந்தார்; பின்னர் அந்தப் பதவிப் பெயர் வழக்கொழிந்து, 1933-ல் மு. அ. முத்தையா செட்டியார் அமர்ந்தபோதுதான் மீண்டும் வந்தது. இடையில் 1919-ன் நகரசபைச் சட்டத்தை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டு 1922 வரை தலைமை வகித்த தியாகராய செட்டியார் பிரசிடெண்டு, அதாவது தலைவர். மேயர் என்று எழுதுவதால் அவருக்குப் பெருமை கூடாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு உறுப்பினராக இருந்து அவர் ஏறிய படியின் உண்மையான பெயரே மறைந்துபோகும்.

‘1916-ல் நீதிக்கட்சியை நிறுவினார்’ என்பதும் அத்தகையதே. அவ்வாண்டு நவம்பரில் டாக்டர் டி. எம். நாயரும் அவரும் மற்றவர்களும் தோற்றுவித்தது தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கிய பிறகே, பத்திரிகையின் பெயர் கட்சிக்கு ஒட்டிக்கொண்டது. குழந்தை பிறக்குமுன் பெயர் சூட்டுவதைப் போன்ற இந்தப் பிழையை, ‘பின்னர் நீதிக்கட்சி என வழங்கிய’ என்று சில சொற்களைச் சேர்த்தால் தீர்த்துவிடலாம். ‘நாயரும் செட்டியாரும் ஈருடலும் ஓருயிருமாய்’ என்று மலர்களில் வருவதை மட்டும் அப்படித் தீர்க்க முடியாது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் தெப்பக்குளத்துக்கு நகரசபை தண்ணீர் கொடுப்பது பற்றி இருவரும் மோதிப் பகைமை கொண்டிருந்தார்கள். சங்கத்தைத் தோற்றுவித்த மற்றவர்களுள் ஒருவரான நடேச முதலியார் நடுவே நின்று சமாதானம் செய்து வைத்த பிறகே சேர்ந்து உழைத்தார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர்த் தகராறை நீக்கிவிட்டால் வாக்கியம் அழகாக இருக்கும். இரண்டு பிடிவாதமுள்ள மனிதர்கள் ஒரு காரியத்துக்காகப் பகையை விழுங்கினார்கள் என்ற பெரிய செய்தி போய்விடும்.

வினைச்சொற்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஊர்த்தலைவர்களின் சரித்திரத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் ‘கட்டினார்கள்’, ‘உண்டாக்கினார்கள்’, ‘கொண்டுவந்தார்கள்’. நம் கைப்பிரதியும் ‘தியாகராய நகரை உண்டாக்கினார்’ என்கிறது. மாம்பலத்து ஏரிப் பிரதேசம் இருபதுகளில் புதிய நகர்ப்பகுதியாக உருவெடுத்தது. அதற்கு வடசென்னைக்காரரான அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைக்கப்பட்டவர் உண்டாக்கினவர் ஆகமாட்டார். இதே முறையில்தான் சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்தைக் ‘கட்டினார்’ என்றும் எழுதுகிறார்கள். 1939-40-ல் மேயராக இருந்து, யுத்த காலத்திலும் விடாமல் வாதாடி அனுமதி பெற்று, வேலையைத் தொடங்கச் செய்தவர் அவர்; 1944-ல் நீர்த்தேக்கம் முடிந்தபோது அவர் உயிரோடில்லை. ‘கட்டினார்’ என்ற ஒரு சொல், அனுமதிக்காக அலைந்ததையும் வாதாடியதையும் பார்க்காமலே மறைந்ததையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. பிரேரேபித்தார், ஆதரித்தார், நிறைவேற்றுவித்தார், எதிர்த்துத் தோற்றார் என்னும் வினைகளே நகரசபை மனிதனுடைய மெய்யான வினைகள். அவற்றை உரிய இடத்தில் அமைப்பதே செப்பனிடுதலின் சாரம்.

‘முதலமைச்சர் பதவியையே துறந்த தியாகசீலர்’ என்று பெயரையும் குணத்தையும் சிலேடையாக்கியிருக்கும் இடத்தில், பேனா சிறிது தயங்கவே செய்யும். ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது. 1920 டிசம்பரில் இரட்டையாட்சியின் கீழ் மந்திரிசபை அமைக்கக் கவர்னர் வில்லிங்டன் அவரையே அழைத்தார். அவர் ஏற்காமல் விலகிக்கொள்ள, ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். இவ்வளவையும் சிலேடையின்றிச் சொன்னால் போதும். துறவு தானாகத் தெரியும்.

இனி, கைப்பிரதியில் இல்லாதது. எழுதியதைத் திருத்துவதைவிட, எழுதாமல் விட்டதைக் கேட்பது கடினம். 1921-ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்களில் ஜாதி இந்துக்களுக்கும் ஆதிதிராவிடருக்கும் இடையே மூண்ட கலகத்தையும், அதில் நீதிக்கட்சித் தலைவர்கள் எடுத்த நிலையால் விளைந்த மனக்கசப்பையும், 1923-ல் ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா அக்கட்சியை விட்டு விலகியதையும் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கட்சிக்குத் தலைமை வகித்தவரின் சரித்திரத்தில் இதற்கு இடமில்லை என்று எவர் சொல்லக்கூடும்? எதிர்க்கட்சிக்காரர் எழுதியிருந்தால் இது ஒன்றே அரைப் பக்கம் வந்திருக்கும். அரைப் பக்கமும் வேண்டாம், சூனியமும் வேண்டாம். இரண்டு வாக்கியம் போதும் என்று நிர்ணயிப்பது தராசு பிடிப்பவனின் வேலை.

இவ்வளவு வெட்டிய பிறகு, மெய்க்கீர்த்தி அனைத்தும் குப்பை என்று நினைத்துவிடக்கூடாது. முதல் ராஜராஜனுடைய மெய்க்கீர்த்தி அவன் ஆட்சி ஆண்டுகள் ஏற ஏற, வென்ற நாடுகளையும் சேர்த்துக்கொண்டு நீண்டது. எந்த நாடு வரையில் பெயர் வருகிறது என்று பார்த்தே, ஆண்டு சிதைந்த கல்வெட்டுக்குச் சாசன ஆராய்ச்சியாளர் காலம் குறிக்கிறார்கள். நம் தலைவர்களுக்கு வெள்ளையர் ஆட்சி அளித்த பட்டங்களும் அப்படியே. ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்று அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 1916-ல் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிய குறிப்பில் தியாகராய செட்டியார் பெயருக்கு முன் ‘சர்’ என்று காணப்பட்டால், அந்தக் குறிப்பு அன்று எழுதப்பட்டதன்று, பிறகு ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியன் துப்பறியலாம். புகழ்ச்சி பொய்யாக இருந்தாலும் அது பிறந்த தேதி மெய்.

கைப்பிரதியின் கடைசிப் பத்திக்கு வருகிறோம். ‘ஏழைப் பாலர்களின் பசிப்பிணி போக்கிய வள்ளல், உலகிலேயே முதன்முதலாக உணவளித்த உத்தமர்’ என்று அது முடிகிறது. உலகிலேயே என்பதை எவரும் அளந்து பார்த்ததில்லையாகையால் அதை அடிக்கவேண்டும். வள்ளல் தன் கைப்பொருளைக் கொடுப்பவன். இது நகரசபையின் பணமாகையால் அதையும் அடிக்கவேண்டும். அடித்த இடத்தில் எஞ்சுவது என்ன? 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி, அவர் தலைமையில் இருந்த நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்று தீர்மானித்தது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசாங்கம் இணங்காமையால் 1925 ஏப்ரலில் நின்றுபோனது.

கோயிற் சாசனத்தில் விளக்குக்கு வைத்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவார்கள்: சாகாதவை, மூப்படையாதவை, ஒன்று செத்தால் மற்றொன்று பிறந்து தொகை குறையாமல் நிற்குமாம். ஆடுகளும் போயின, பல கோயில்களில் விளக்கும் போயிற்று. 96 என்ற எண் மட்டும் கல்லில் நிற்கிறது. செப்பனிட்டு முடித்த கட்டுரை பழைய அளவில் பாதியாகி அச்சுக்கூடத்துக்குப் போகிறது. அதில் வள்ளலும் இல்லை, உத்தமரும் இல்லை. ஒரு தேதி, ஒரு பள்ளி, தலைக்கு ஓர் அணா.